மறைந்தானா, மறைத்தானா?

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் உடல்நலமின்றி விடுப்பில் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தும் பணி என் தலையில் விழுந்தது. தமிழாசிரியனுக்கு இஃது எதற்கு என்று நகைத்தவர் உளர். யான் நகைக்கவில்லை. அத்தாள்களில் யான் கண்டது ஆங்கிலம் அறியாமை அன்று, தமிழறியாமை.

'கள்வன் கதவின் பின்னே மறைந்தான்' என்னும் தொடரை ஆங்கிலத்திற் பெயர்க்குமாறு வினா இருந்தது. மாணவரிற் பலர் 'கன்சீல்' என்னும் வினையை இறந்தகாலத்தில் நிறுத்தி, நேரே 'கதவின் பின்னே' என்பதற்குத் தாவியிருந்தனர். ஆங்கிலம் அறிந்தவன் காதுக்கு அது முற்றுப்பெறாத தொடர். கதவின் பின்னே எதனை மறைத்தான் என்று அவன் காத்துக்கொண்டே இருப்பான். 'கன்சீல்' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. கள்வன் தானே மறைந்தான் எனச் சொல்ல வேண்டின், 'தன்னை' என்னும் பொருளுடைய 'இம்செல்ப்' என்னும் சொல்லையும் உடன் சேர்த்தல் வேண்டும். 'ஐட்' என்னும் வினையோ அவ்வாறன்று. (முன்னிற்கும் மூச்சொலியைப் படிப்போர் சேர்த்துக்கொள்க, அதற்காக வடவெழுத்தைக் கடன் வாங்க யான் ஒருப்படேன்.) அது தானே மறைதலுக்கும் வரும், பிறிதொன்றை மறைத்தற்கும் வரும். செயப்படுபொருள் பின்னே நின்றால் ஒன்று, நில்லாவிடின் மற்றொன்று. வேறுபாடு வினையில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

விடுப்பு முடிந்து வந்த நண்பர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, 'எல்லாம் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் கேடு' என்றார். இங்குத்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு. தமிழில் எண்ணியிருந்தால் இப்பிழை எவ்வாறு வரும்? மறைந்தான், மறைத்தான், ஒளிந்தான், ஒளித்தான், பதுங்கினான், பதுக்கினான் என மெல்லெழுத்து வல்லெழுத்தாகும் அவ்வளவிலேயே வினை தன்னை விட்டுப் பிறிதின்மேற் செல்வதைக் காட்டும் மொழி நம் மொழி. பள்ளியை எட்டிப்பாராத உழவனும் 'நெல்லைப் பதுங்கினான்' என்று சொல்லமாட்டான். இதனைத் தன்வினை பிறவினை என்று பெயரிட்டு முன்னரே விளக்கியிருந்தால், 'கன்சீல் என்பது மறைத்தல்; ஒருநாளும் மறைதல் ஆகாது' என்ற ஒரு வரியில் ஆங்கிலப் பாடம் முடிந்திருக்கும்.

நடுநின்று சொல்லின், தமிழிலும் 'ஐட்' போன்ற வினை ஒன்று உண்டு. கரத்தல் என்பது அது. 'கள்வன் கரந்தான்' எனினும் 'பொருளைக் கரந்தான்' எனினும் வடிவம் ஒன்றே. ஆகவே, 'ஐட் என்பது கரத்தல் போல' என்றால் அப்பாடமும் முடிந்தது. அச்சொல்லை நாம் வழக்கிலிருந்து போக்கிவிட்டமையால் மாணவனுக்கு எடுத்துக்காட்ட ஆளில்லை. மற்றொரு வேடிக்கையும் உண்டு. 'சீக்ரீட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒளித்து வைத்தல் ஒரு பொருள். உமிழ்நீரும் பித்தநீரும் ஊறுதல் மற்றொரு பொருள். நாம் கரத்தல் என்றும் சுரத்தல் என்றும் இரண்டாகச் சொல்லுவதை அவர்கள் ஒரே சொல்லில் அடைத்துள்ளனர்.

ஒரு மாணவன் 'தலைவர் மறைந்தார்' என்பதற்கு 'ஐட்' போட்டு, இறந்தவரை எங்கோ ஒளிந்திருக்கச் செய்திருந்தான். சிரித்தேனாயினும் அவனை முழுதும் குறை சொல்ல மாட்டேன். முகில் ஞாயிற்றை மறைக்கும், ஆனால் ஒளிக்காது. ஒளித்தலுக்கு உள்ளம் வேண்டும், மறைத்தலுக்கு வேண்டியதில்லை என்று எவரேனும் அவனுக்குச் சொல்லியிருப்பாரா? ஆங்கிலத்தில் முகிலுக்கும் 'ஐட்', பொம்மையை ஒளித்து வைக்கும் குழந்தைக்கும் அதுவே.

இவையெல்லாம் வகுப்பறைப் பிழைகள், திருத்திக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது மறுபுறத்துப் பிழை. ஆங்கிலத்தில் ஒருவருக்குத் தெரியாமல் ஒன்றை மறைத்தலைச் சொல்ல, அவ் ஒருவருக்கு முன்னே 'பிரம்' என்னும் இடைச்சொல்லை வைப்பர். அது நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற் பொருளுக்கு நிகர் என்று கருதிக்கொண்டு, 'உண்மையை மக்களிடமிருந்து மறைத்தனர்' என்று செய்தித்தாளில் எழுதுகின்றனர். பாடநூல் மொழிபெயர்ப்பிலும் கண்டேன். மக்களிடம் இருந்த உண்மையா நீங்கிற்று? அது அவர்களிடம் வந்து சேரவே இல்லையே! 'என்னிடம் மறைக்காதே' என்றுதான் தாய் மகனைக் கேட்கிறாள். 'மக்களிடம் மறைத்தனர்', 'மக்களுக்குத் தெரியாமல் மறைத்தனர்' என்றால் என்ன குறைந்துவிடும்? சொல் ஒவ்வொன்றும் தமிழாயிருந்தும் தொடர் தமிழாகாமற் போவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அயற்சொல்லைக் கண்டதும் கொதிக்கும் நம் அன்பர்கள் சிலரே இத்தொடரைக் கூசாமல் எழுதுகின்றனர் என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

தெருவிலோ 'ஐட் பண்ணிட்டான்', 'ஐட் ஆயிட்டான்' என்கின்றனர் இளைஞர். உற்றுக் கேளுங்கள். ஆங்கில வினையில் இல்லாத தன்வினை பிறவினை வேறுபாட்டை அவர்கள் நா தேடுகிறது; ஆகவே ஒன்றில் 'ஆயிட்டான்' என்றும் மற்றொன்றில் 'பண்ணிட்டான்' என்றும் ஒட்டுப்போட்டுக்கொள்கிறது. ஒளிந்தான், ஒளித்தான் என்று ஓரெழுத்து மாற்றத்தில் முடிந்ததற்கு இரண்டு சொற் செலவு! நண்பரிடம் இதைச் சொன்னேன். அடுத்த கிழமை ஒன்பதாம் வகுப்பில் தன்வினை பிறவினை நடத்துவதற்குத் தம் ஆங்கில வகுப்பில் ஒரு மணி நேரத்தை எனக்கு விட்டுத் தந்திருக்கிறார்.