வேகம் முக்கியமா, கணக்கு முக்கியமா?

குன்னத்தூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங் மெதுவாக இருக்கிறது என்றார்கள். ஹார்ட் டிஸ்க்குடன் ஒரு எஸ்எஸ்டியைச் சேர்த்து, அடிக்கடி தேவைப்படும் டேட்டாவை அதில் வைத்துக்கொள்ளச் செய்தேன். இதற்குப் பெயர் கேஷ். லினக்ஸில் 2013-ல் வந்த 3.10 கெர்னல் முதல் இதற்கு 'பிகேஷ்' இருக்கிறது. கமாண்ட் லைனில் சில வரிகள் டைப் செய்தால் போதும்.

இதில் 'ரைட் த்ரூ' முறையில், ஹார்ட் டிஸ்க்கிலும் எழுதிய பிறகே வேலை முடிந்ததாகச் சொல்லும். 'ரைட் பேக்' முறையில் எஸ்எஸ்டியில் எழுதியதுமே சொல்லிவிடும். துண்டுச் சீட்டில் குறித்துவிட்டு, பேரேட்டில் அப்புறம் ஏற்றுவது போல!

வேகத்துக்கு ஆசைப்பட்டு ரைட் பேக் வைத்தேன். ஒரு நாள் எஸ்எஸ்டி பழுதானது. ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கணக்கு ஃபைல்தான் திறக்கவில்லை. கடைசி பில்கள் அதற்குப் போய்ச் சேரவே இல்லை. பழைய பேக்கப்பை எடுத்து, பில் காப்பிகளைப் பார்த்து இரண்டு நாள் டைப் செய்தோம்.

ஒரே ஒரு எஸ்எஸ்டி என்றால் ரைட் த்ரூ போதும் என்பதே என் கருத்து. படிக்கும் வேகம் குறையாது. பிகேஷின் டிஃபால்ட்டும் அதுதான், நான்தான் மாற்றினேன்.

வீட்டில் பென் டிரைவை 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து எடுக்கச் சொல்வதும் இதனால்தான். அவசரப்படாதீர்கள்.