குக்ரியை மூழ்கடித்தவரை நாமும் படிக்க வேண்டும்

தியூ கடற்கரையிலுள்ள ஐ.என்.எஸ். குக்ரி நினைவிடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கப்பலின் மாதிரி நிற்கிறது. மூழ்கும் கப்பலை விட்டு வெளியேற மறுத்த கேப்டன் மகேந்திரநாத் முல்லாவை நினைக்காமல் அங்கிருந்து திரும்ப இயலாது. 1971 டிசம்பர் 9 இரவு, அவரையும் சேர்த்து 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர்.

டார்பிடோவை ஏவியவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. அது இயல்பே. ஆனால், சீனாவிடமிருந்து பெறும் 8 நீர்மூழ்கிகளின் வகைக்கு ‘ஹாங்கோர்’ என்று பாகிஸ்தான் பெயர் சூட்டியுள்ள நிலையில், பழைய ஹாங்கோரின் தளபதி அகமது தஸ்னீமை நாமும் படித்தாக வேண்டும் என்பேன்.

பிரான்ஸில் கட்டப்பட்ட டாஃப்னே வகை டீசல் நீர்மூழ்கியில், போர் வெடிக்கும் முன்னரே கராச்சியிலிருந்து புறப்பட்டவர் அவர். வழியில் இந்தியப் போர்க்கப்பல்கள் எதிர்ப்பட்டும், சுட அனுமதி இல்லாததால் விட்டுவிட்டார். குளிர்சாதனம் பழுதானபோது, நமது கரைக்கு அருகிலேயே நீர்மட்டத்துக்கு வந்து சரிசெய்தார். பின்னர் தியூவுக்கு அப்பால் குக்ரியும் கிர்பானும் அகப்பட்டன. கிர்பான் மீது ஏவிய முதல் டார்பிடோ வெடிக்கவில்லை. இருப்பிடம் வெளிப்பட்டுவிட்டது, வேறொருவர் விலகி ஓடியிருக்கலாம். தஸ்னீம் அடுத்ததைக் குக்ரி மீது ஏவினார். சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் அதுவே. நம் கடற்படை நாள்கணக்கில் தேடியும் அவர் பிடிபடவில்லை. துணை அட்மிரலாக ஓய்வு பெற்றார்.

துணிவு மட்டுமே காரணமெனில், சில நாள் முன்பு விசாகப்பட்டினத்துக்கு அருகே காஸி நீர்மூழ்கி தன் மாலுமிகள் அனைவருடனும் அழிந்திருக்காது. குக்ரிக்கு நீர்மூழ்கியின் நடமாட்டம் தெரியும். அதை வேட்டையாடவே அனுப்பப்பட்டது. ஆயினும், அதன் பழைய ஒலியுணர் கருவி கேட்கும் தூரத்தைவிட ஹாங்கோர் கேட்கும் தூரம் அதிகம். வீரத்தைக் கொண்டாடும் நாம், இந்தக் கணக்கை மட்டும் ஏனோ மெல்லிய குரலில் சொல்கிறோம்.

புதிய ஹாங்கோர்களில் காற்றைச் சாராத உந்துவிசை உண்டு; மின்கலத்தை மின்னூட்ட அடிக்கடி மேலெழ வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தம் 2015-இல் முடிவானது. முதல் கப்பல் 2024 ஏப்ரலில் நீரில் இறக்கப்பட்டது. நமது கல்வரி வகை நீர்மூழ்கிகள் ஆறும் அந்த வசதியின்றியே கடற்படையில் சேர்ந்தன. ஆறாவதான வாக்‌ஷீர் சேர்ந்தது 2025 ஜனவரியில்.