லென்ஸ் யூனிட்டைத் திறக்க வழி விடுங்கள்

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த பரத் கேரா குழு, பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அறிக்கையை 2025 மே 3 அன்று அளித்தது. பிரித்தெடுக்கும் எளிமை, பழுதுபார்ப்புத் தகவல், உதிரிபாகம் கிடைக்கும் காலம், மென்பொருள் புதுப்பிப்பு, கருவிகள், திருகு வகைகள் என்ற ஆறு அளவுகோல்களின்படி முதலில் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மதிப்பெண் தரச் சொல்கிறது அது. தொடக்கம் நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் முன்னுரிமை உதிரிபாகங்களின் பட்டியலில் பேட்டரி, டிஸ்பிளே, சார்ஜிங் போர்ட் ஆகியவற்றுடன் முன்-பின் கேமரா அசெம்பிளியும் இருக்கிறது. கேமரா பழுதுபார்ப்பவர்களாகிய நாம் நின்று படிக்க வேண்டிய இடம் அது. லென்ஸும் சென்சாரும் சேர்ந்தது ஒரே உதிரிபாகம், கெட்டால் முழுதாக மாற்று என்ற தயாரிப்பாளர்களின் பழைய வழக்கம் இப்போது அரசு அறிக்கையிலும் ஏறிவிட்டது. நாளை காம்பாக்ட், பிரிட்ஜ் கேமராக்கள் குறியீட்டுக்குள் வந்தால் இதே வரிதான் அவற்றுக்கும் அளவுகோலாகும். இந்த வடிவில் அதை நாம் ஏற்க முடியாது.

காரணம், லென்ஸைக் கழற்ற முடியாத நிலை லென்ஸ் கேமராக்களில் நம்மிடம் வரும் சென்சார் தூசு எந்த உறுப்பும் கெட்டதால் வருவதில்லை. நிக்கான் பி900-இன் 83 மடங்கு ஜூமோ, 2018-இல் வந்த பி1000-இன் 125 மடங்கு ஜூமோ நீளும்போது உள்ளே கொள்ளளவு கூடி அழுத்தம் குறைகிறது; பேரல் இடுக்குகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் பறவை பார்ப்பவர்கள் கையில் இத்தகைய கேமராக்கள்தாம் இருக்கின்றன. பி1000-இல் டெலி முனையில் கிடைக்கும் மிக அகன்ற திறப்பே எஃப் 8. சென்சாரோ 1/2.3 அங்குலம். ஒளிக்கூம்பு குறுகியிருப்பதால் கவர் கிளாஸில் ஒட்டிய துகளின் நிழல் கூர்மையாக விழும், அபெர்ச்சரைத் திறந்து மறைக்கவும் இடமில்லை. ரிக்கோ ஜிஆர் 3, 2019-இல் அதிர்வால் தூசு உதிர்க்கும் வசதியோடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் உதிர்ந்த தூசு மூடிய உடலுக்குள்தான் கிடக்கிறது. லென்ஸைக் கழற்றி ப்ளோயரால் ஊதி வெளியேற்றும் வாய்ப்பு அங்கே இல்லை.

நம் தாம்பரம் பகுதித் தூசு வேறு ரகம். பல்லாவரம், பரங்கிமலைப் பாறை சார்னோகைட். உலக நிலவியலுக்கே அந்தப் பாறையினம் இங்கிருந்துதான் அறிமுகமானது. அதில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. திரிசூலம், பம்மல் குன்றுகளை உடைத்த காலம் தொட்டு, இன்று ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகள் வரை, தாம்பரம் சாலைகளில் பறப்பதில் இந்தக் கல்பொடி கலந்தே இருக்கிறது. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியே நடக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியும் சேர்ந்துகொண்டது. இதை உலர்ந்த ஸ்வாபால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். பேரல் இடுக்கில் வேக்குவம் கிளீனரை வைத்து ஜூமை முன்னும் பின்னும் ஓட்டும் வைத்தியம், ஒரு துகளை எடுக்க நான்கை உள்ளே விடும் வழி. அதைச் செய்வோர் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

சரியான வழி நமக்குத் தெரியும். ஃபிளாஷ் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, பின்மூடி கழற்றி, ஃப்ளெக்ஸ் கேபிள்களை விடுவித்து, சென்சார் தகட்டை எடுத்துச் சுத்தம் செய்து பூட்டுவது. சிக்கல் பூட்டும்போதுதான். தகட்டின் அடியில் தொழிற்சாலையில் வைத்த ஷிம்கள், சென்சார் தளம் லென்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக நிற்பதைக் காப்பவை. எந்தத் திருகின் கீழ் எந்த ஷிம் இருந்தது என்று குறித்துவைத்து அப்படியே பூட்டினாலும், பல மாடல்களில் குவியத்தையும் சாய்வையும் மறுபடி சீரமைக்கத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மென்பொருள் வேண்டும். அது நமக்குத் தரப்படுவதில்லை. சர்வீஸ் மேனுவலும் அப்படியே. இந்த இதழ் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது இது ஒன்றைத்தான். கைத்திறன் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, அளவுத் திருத்தத்துக்கான சாவி மட்டும் பூட்டிய அலமாரியில். 2022 டிசம்பர் 24-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளத்தையே அரசு தொடங்கியது. அந்த உரிமையைத் தயாரிப்பாளர் மதித்தே ஆக வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. இப்போது குறியீடு வருகிறது; மதிப்பெண்ணைத் தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்ளலாமாம். அசெம்பிளி கிடைக்கிறது, கழற்றுவது எளிது என்று காட்டினால் நல்ல மதிப்பெண் வந்துவிடும். ஒரு துகளுக்காக முழு லென்ஸ் யூனிட்டின் விலையைச் சொல்லும் நிறுவனம், பழுதுபார்க்க எளிதான பொருள் என்ற முத்திரையோடு கடையில் விற்கும். ஒரு யூனிட்டைத் திறந்து சுத்தம் செய்வது எப்படி என்று யாரையாவது கேட்டு அறிக்கையின் கேமரா அசெம்பிளி வரியை எழுதியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. பழுதுபார்ப்பவரின் வேலையை உதிரிபாகம் மாற்றுபவரின் வேலையாகச் சுருக்குகிற அறிக்கை, பழுதுபார்ப்பின் பெயரால் வருவதுதான் வேதனை.

பயிற்சி இல்லாதவர் திறந்தால் லென்ஸ் சாய்ந்துவிடும், மின்னதிர்ச்சி ஆபத்தும் உண்டு என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். இரண்டும் உண்மை. ஆனால் அவை மேனுவலையும் மென்பொருளையும் தருவதற்கான காரணங்கள், மறைப்பதற்கானவை அல்ல. கார் நிறுவனங்களும் பாதுகாப்பைச் சொல்லித்தான் உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் தனி மெக்கானிக்குகளுக்குத் தர மறுத்தன. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் அதை ஏற்காமல் 14 நிறுவனங்களுக்கு ₹2,544 கோடி அபராதம் விதித்தது. பின்னர் நடந்த மேல்முறையீடுகள் ஒருபுறம் இருக்கட்டும். டயக்னாஸ்டிக் கருவியைப் பூட்டிவைப்பது வணிகத் தடை என்ற தர்க்கம் நமக்கும் பொருந்தும். மென்பொருளில் புள்ளியை அழித்துவிடலாமே என்பார்கள். வானத்தில் அழிக்கலாம். சிறகின் கோடுகள் மீதும், காட்சி நகரும் வீடியோவிலும் அது ஏமாற்றுவேலையாகிவிடும். ஃபில்டர் போட்டு அடைக்கலாம் என்பதும் ஓரளவே சரி. ஃபியூஜி எக்ஸ்100வி அடாப்டர் வளையமும் ஃபில்டரும் போட்டால் காப்புப் பெறுகிறது, அதன் லென்ஸ் நீள்வதில்லை. நீளும் ஜூமுக்கு முன்கண்ணாடி காவல் ஆகாது. கேமரா சந்தை சிறியது, அதற்காக ஒரு தனி அளவுகோலா என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு கைப்பேசியிலும் இருப்பது நிலை லென்ஸ் கேமராதான்.

எனவே நம் கோரிக்கை சிறியது. அசெம்பிளிக்குள் சுத்தம் செய்வதும் அளவுத் திருத்தமும் தனி அளவுகோலாக வேண்டும். சர்வீஸ் மென்பொருளைப் பூட்டிவைக்கும் மாடலுக்கு மதிப்பெண் குறைய வேண்டும். தூசு என்று வரும் ஒவ்வொரு கேமராவுக்கும் மாடல், புள்ளி தெரியத் தொடங்கும் எஃப் எண், சர்வீஸ் சென்டர் வாடிக்கையாளரிடம் சொன்ன யூனிட் விலை, நீங்கள் வாங்கிய கூலி ஆகியவற்றை ஜாப் கார்டில் எழுதிவையுங்கள். வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து நுகர்வோர் விவகாரத் துறைக்கு அனுப்புகிறோம்.