பீட்லாக் வீல்: வளையத்தை மட்டும் நம்பாதீங்க, போல்ட்டையும் பாருங்க!

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு லாரிப் பட்டறைகளில் 'லாக் ரிங்' என்றாலே எல்லோரும் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். டியூப் டயர் போட்ட பழைய பாணி லாரி வீலில், அந்த இரும்பு வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது தெறித்துப் பறக்கும். ஆளையே கொன்றுவிடும் வேகம் அதற்கு உண்டு.

ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் பேசும் 'பீட்லாக்' வீலிலும் ஒரு வளையம் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு. லாரி வளையத்தை இடத்தில் பிடித்திருப்பது டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம். பீட்லாக் வளையத்தைப் பிடித்திருப்பது வெறும் போல்ட்கள். அதனால் இந்த வீலின் பாதுகாப்பு முழுக்க அந்த போல்ட்களில்தான் இருக்கிறது.

எதற்கு இந்த வளையம்?

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் 'சைடு-பை-சைடு' வண்டிகளை, கூண்டு போன்ற கம்பி அமைப்போடு பண்ணை வீடுகளிலும் ரிசார்ட்டுகளிலும் பார்த்திருப்பீர்கள். இவ்வகை வண்டிகளுக்குப் பேர்போன பொலாரிஸ் நிறுவனம் 2011-ல் இந்தியாவுக்கு வந்தது.

சேற்றிலும் மணலிலும் பாறையிலும் இவை ஏறுவதற்கு எளிய வழி, டயரில் காற்றைக் குறைப்பது. காற்று குறைந்தால் டயர் பரந்து, தரையை அதிகம் பற்றும். ஆனால் டயரை ரிம்மோடு சேர்த்து அழுத்தி வைத்திருப்பதும் அதே காற்றுதான். 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே போய், வளைவில் பக்கவாட்டில் இழுத்தால், 'பீட்' எனப்படும் டயரின் உள்விளிம்பு ரிம்மை விட்டு நழுவும் அபாயம் கூடும். சரிவில் அப்படி நடந்தால் வண்டியே கவிழலாம். அந்த விளிம்பை வளையத்துக்கும் ரிம்முக்கும் நடுவே வைத்து இறுக்குவதுதான் பீட்லாக்.

யாருக்குத் தேவை?

பொள்ளாச்சி தென்னந்தோப்புக்குள் உரமூட்டை ஏற்றிப் போகிறவருக்குத் தேவையே இல்லை. கம்பெனி சொன்ன காற்றோடு ஓட்டினால் சாதாரண வீலே போதும். காற்றை நன்றாக இறக்கிப் பாறையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்களுக்கும், போட்டிக்குப் போகிறவர்களுக்கும்தான் இது பயன்படும். எடை கூடும், விலை கூடும், வேலையும் கூடும். இன்னொன்று, பீட்லாக் போட்டால் பஞ்சர் ஆகாது என்று நினைக்க வேண்டாம். நம்மூர் வேலிக்கருவேல முள்ளுக்கு வளையம் ஒரு பொருட்டே அல்ல.

வாங்கும்போது

* அழகுக்காக வளையமும் போல்ட்டும் ஒட்டிய போலி வீல்கள் உண்டு. வளையத்தைக் கழற்றினால் டயரின் விளிம்பு வெளியே தெரிய வேண்டும். அதுதான் நிஜ பீட்லாக்.

* வீல் நட் துளைகளின் அளவு பொருந்த வேண்டும். பொலாரிஸ் ஆர்இசட்ஆர் மாடல்கள் பலவற்றுக்கு 4/156, கேன்-ஆம் மேவரிக் மாடல்கள் பலவற்றுக்கு 4/137. நான்கு நட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் என்பது இதன் பொருள்.

* வீல் அகலமும் ஆஃப்செட்டும் மாறினால் டயர் வெளியே தள்ளி நிற்கும். பேரிங், சஸ்பென்ஷன் மீது சுமை ஏறும்.

* பெரும்பாலான வீல்களில் வெளிப்பக்கம் மட்டுமே பூட்டு. உள்பக்க விளிம்பைப் பிடிப்பது காற்றுதான். எனவே காற்றை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம் என்று அர்த்தமில்லை.

பம்ப், மோட்டார் தொழிலோடும் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயோடும் வளர்ந்த கோவையில் எதையும் லேத்தில் கடைந்து தர ஆள் கிடைப்பார். "ஒரு வளையம்தானே, பழைய ரிம்மிலேயே வெல்டு வெச்சுடலாமுங்க" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலாய் ரிம்மில் வெல்டிங் சூடு பட்ட இடம் வலு இழக்கும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில், காற்றை இறக்கியிருந்தாலும், வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து. டயர் வெடிக்கலாம்.

மாட்டும்போதும் அதற்குப் பிறகும்

ஒரு வீலுக்கு 16 முதல் 32 போல்ட் வரை இருக்கும். முதலில் எல்லாவற்றையும் கையால் திருகி, பிறகு எதிரெதிர் போல்ட்களாக, சிறுகச் சிறுக இறுக்க வேண்டும். வரிசையாக இறுக்கினால் வளையம் கோணிக்கொள்ளும். கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம். கார் வீல் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித் தேவைப்படும். இந்தச் சின்ன போல்ட்களுக்குப் பல நிறுவனங்கள் சொல்வது 20-ஐ ஒட்டிய அளவுதான். பஞ்சர் கடை ஏர் கன்னால் ஒரே இறுக்காக இறுக்கினால் மரை போய்விடும், அல்லது போல்ட் உள்ளுக்குள் விரிசல் விடும். சரியான அளவு வீலோடு வரும் கையேட்டில் இருக்கும். போல்ட்டில் கிரீஸ் தடவலாமா என்பதற்கும் அதையே பாருங்கள். கிரீஸ் பட்டால் ரெஞ்ச் காட்டும் அளவு மாறிவிடும்.

டயரின் ரப்பர் அழுந்தி அமர்வதால், முதல் ஓட்டம் முடிந்ததும் போல்ட்கள் லேசாகத் தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு கடினமான ஓட்டத்துக்கும் முன்பு ஒரு முறை. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் வளையம் வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டால், எது நகர்ந்தது என்று பார்த்ததும் தெரியும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் சேறு காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும். அன்றைக்கே கழுவிவிடுவது நல்லது. ஒரு போல்ட் உடைந்திருந்தால் அதே தரத்தில் மாற்றுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைத்ததைப் போட வேண்டாம்.

சட்டமும் காடும்

பதிவு செய்த வண்டியின் விவரங்களை, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. ஆகவே தார், ஜீப் வைத்திருப்பவர்கள் பீட்லாக்கோடு சாலையில் இறங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஓடைகளும் வனப்பாதைகளும் ஆஃப்ரோடு களம் அல்ல. சொந்த நிலமோ, அனுமதி பெற்ற களமோ மட்டுமே சரி.

நான்கு வீல் போல்ட்களையும் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். வண்டியைக் கிளப்பும் முன் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க முடியாதென்றால், சாதாரண வீலோடு, காற்றை இறக்காமல் ஓட்டுவதே உங்களுக்கும் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் பாதுகாப்பு.