போதும் என்னும் கட்டளை



புற்றுநோய் என்னும் சொல்லை நம் இல்லங்களில் இன்னும் தாழ்ந்த குரலில்தான் உச்சரிக்கின்றோம். நோயுற்றவரின் படுக்கையருகே அமர்ந்திருக்கையில், "யார் செய்த பாவமோ, இவரை வந்து பற்றியது" என்று உறவினர் சொல்லக் கேட்டு நாம் வருந்தியதுண்டு. உடலுக்குள் நிகழ்வது யாதென அறிந்தால் இப்பேச்சு ஓயும். ஆகவே இம்மாதம் ஓர் அறிவியல் செய்தியைச் சிந்திப்போம்.

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபுச் செய்திதான் எழுதப்பட்டுள்ளது. பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். மூல ஏடு அலமாரியை விட்டு வெளியே செல்வதில்லை; கேட்போர்க்கு அதன் நகலே கொடுக்கப்படுகிறது. அதுபோல, டி.என்.ஏ. என்னும் மூல ஏடு உயிரணுவின் உட்கருவில் தங்கியிருக்க, வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகலாக வெளியே வருகிறது. அந்நகலைக் கொண்டே உயிரணு புரதங்களை உண்டாக்குகிறது. ஆனால் எந்த நகலை எப்போது நிறுத்துவது?

இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவிடம் கிடைத்தது. அமெரிக்க அறிஞர்களான விக்டர் ஆம்பிரோசும் கேரி ருவ்கனும் அப்புழுவை ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆம்பிரோஸ் குழுவின் கட்டுரையில் முதலாவதாக நின்றது, அவருடன் உழைத்த துணைவியார் ரோசலிண்ட் லீயின் பெயர். புரதம் எதையும் உண்டாக்காத, 22 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு, வேறொரு நகலின்மேல் பொருந்தி, "போதும்" என அதனைத் தடுப்பதை அவர்கள் கண்டனர். புழுவுக்கே உரிய விந்தை என்று உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. இத்தகைய இன்னொரு துணுக்கு மனிதரிடமும் மாறாமல் இருப்பதை 2000ஆம் ஆண்டில் ருவ்கன் குழுவினர் காட்டிய பின்னரே அறிஞர்கள் விழித்தனர். மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் இவை மனிதரிடம் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. இருவருக்கும் 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? மெல்ல வளரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், நோயாளர் பலரிடம் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அழிந்தோ குறைந்தோ இருப்பதை 2002இல் கார்லோ குரோச்சே குழுவினர் கண்டறிந்தனர். உயிரணுவைச் சாகவிடாமல் காக்கும் ஒரு புரதத்தை அடக்கி வைப்பது அவ்விரண்டின் வேலை. அடக்குவோர் இல்லாதபோது, முறைப்படி மடிய வேண்டிய அணு மடியாமல் பெருகுகிறது.

எதிர்ப்பாற்றலிலும் இதே நிலைதான். 155ஆம் எண் பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாத எலிகளின் எதிர்ப்பாற்றல் குன்றிப் போனதை 2007ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, எலியின் வெள்ளணுக்களில் அதை அளவுக்கு மிஞ்சி உண்டாகச் செய்தபோது இரத்தப் புற்று தோன்றியது. குறைந்தால் காவல் இல்லை. மிஞ்சினால் காவலே கலகமாகிறது.

உடனே இதனை மருந்தாக்கிவிடலாம் அன்றோ எனத் தோன்றும். வேறொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போலச் செய்த மருந்தைப் புற்றுநோயாளருக்குக் கொடுத்து 2013இல் சோதனை தொடங்கினர். எதிர்ப்பாற்றல் சார்ந்த கடும் விளைவுகள் தோன்றி, சிலர் உயிரிழக்கவே, 2016இல் அது நிறுத்தப்பட்டது. கற்றறிந்தோரே இத்துணை அஞ்சி அடியெடுத்து வைக்கும் துறையில், "மூன்றே மாதத்தில் முற்றும் குணம்" என்று விளம்பரம் செய்வோரை நம்பி, மருத்துவரிடம் செல்ல வேண்டிய நாள்களை இழக்கலாமா?

அன்புப் பெற்றோரே, இளைஞரே, உயிரணுவுக்குள் ஒரு சிறு கட்டளை தவறியது ஒருவருடைய ஒழுக்கத்துக்குச் சாட்சி அன்று. அவர் குடும்பத்தின்மீது விழுந்த சாபமும் அன்று. கட்டி தோன்றினாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். தாமதமின்றிச் சோதித்துக் கொள்ளுங்கள். அடுத்த வீட்டில் நோயுற்றவர் இருப்பின் இவ்வாரமே சென்று பாருங்கள். நோயின் பெயரைச் சொல்ல அவர் விரும்பினால், குரலைத் தாழ்த்தாமல் அவரோடு பேசுங்கள்.