வேலைக்கு முன்னே காசா? கொடுக்காதே!

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்ததும் நம் பிள்ளைகள் வேலை தேடிப் புறப்படுகிறார்கள். பட்டர்வொர்த் மாக் மண்டினில் 1960களில் தொழிற்பேட்டை எழுந்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் கம்பெனி வாசலுக்கே நேரில் போய் வேலை கேட்டார்கள். இன்றோ வேலை கைத்தொலைபேசிக்கே வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது, டெலிகிராமில் வருகிறது. கூடவே ஏமாற்றும் வருகிறது.

"வீட்டில் இருந்தபடியே நாளுக்கு 300 வெள்ளி" என்கிறான் ஒருவன். நம் நாட்டில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த ஒரு மாதச் சம்பளத்தை ஆறே நாளில், அதுவும் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைக்கு, எந்த முதலாளி தூக்கிக் கொடுப்பான்?

தூண்டில் போடும் விதத்தைப் பாருங்கள். முதலில் சின்ன வேலை கொடுப்பான். பத்து இருபது வெள்ளி உண்மையாகவே வரும். பிள்ளை நம்பிவிடும். அப்புறம், "முன்பணம் கட்டு, இரட்டிப்பாக வரும்" என்பான். கட்டினால் ஆளைக் காணோம்! இன்னொருவன் பதிவுக் கட்டணம் கேட்பான். மற்றொருவன், "உன் பேங்க் கார்டை மட்டும் கொடு, மாதாமாதம் பணம் தருகிறேன்" என்பான். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டப்படி, கார்டைக் கொடுத்த பிள்ளையும் கோர்ட்டு வாசலில் நிற்க நேரும்.

எல்லாவற்றிலும் கொடியது வெளிநாட்டு ஆசை. 2022இல் நம் நாட்டு இளைஞர் பலர், கைநிறையச் சம்பளம் என்று நம்பிப் போய்க் கம்போடியாவிலும் மியன்மாரிலும் அடைபட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஊரை ஏமாற்றும் வேலையையே அவர்கள் தலையில் கட்டினார்கள். மறுத்தால் அடி உதை. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது.

இது நமக்குப் புதுக்கதையா? நம் பாட்டன் பூட்டன்மார் கங்காணியின் இனிப்புப் பேச்சைக் கேட்டுத்தானே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள்! தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கமிஷன். 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் அந்த ஆள் பிடிப்பு ஓய்ந்தது. அன்று ஊருக்குள் வந்தவன் இன்று போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

பிள்ளைகளே, ஒன்றை மறக்காதீர்கள். வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பான். உங்களிடம் காசு கேட்கமாட்டான். ஆள் சேர்க்கும் ஏஜென்சி என்றால், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் எங்கே, ஆபீஸ் எங்கே, சேமநிதி, சொக்சோ உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் விலகுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "அப்பா அடிப்பாரு" என்று பயந்து வாய் மூடிக் கிடக்கும் பிள்ளையால் யாருக்கு லாபம்? ஏமாற்றுக்காரனுக்குத்தான்! காசு போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிப் போய்விடும். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்.