நிவாரணப் பணத்துக்கும் மகமைக் கணக்கு வேண்டும்

வங்கக்கடலில் புயல் எழும் காலமும் சிவகாசி வட்டாரத்தில் கையில் காசு புழங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. தீபாவளி போனஸ் வாங்கி, பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை தன் வேலையைக் காட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் இந்தப் பருவத்தில்தான். அப்படியொரு செய்தி வந்தால் இந்த வட்டாரத்தின் நாரணாபுரம் மாதிரி ஊர்களில் முதலில் அசைவது அரசு அலுவலகம் அல்ல. கோயில் கமிட்டி, சர்ச், ஜமாத், உறவின்முறை. மாலைக்குள் அரிசி மூட்டை சேரும், பெட்ஷீட் சேரும், பணமும் சேரும். அரிசி மூட்டை பற்றிப் பெரிய கவலை இல்லை. பணம்தான் வழி தவறுகிறது.

பேரிடர் வந்த இடத்துக்கு மோசடியும் வரும் என்பதற்குச் சாட்சி நிறைய. 2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கியபோது, நிவாரண மோசடிகளைப் பிடிப்பதற்கென்றே அந்நாட்டு நீதித்துறை தனிப் பணிக்குழு அமைத்தது. 2018 வெள்ளத்தின்போது கேரள முதல்வர் நிவாரண நிதியின் பெயரில் போலிக் கணக்கு எண்கள் சுற்றின. 2020இல் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சூட்டோடு, அதன் யுபிஐ முகவரியில் 'கேர்ஸ்' என்பதன் கடைசி எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டு ஒரு போலி முகவரி கிளம்பியது. டெல்லி போலீஸ் கண்டுபிடித்து முடக்க வைத்தது. ஒரே ஒரு எழுத்து. அவசரத்தில் பணம் போடுகிறவர் கண்ணில் அது படுமா? வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், தவறாகப் பயன்படுத்தப்படக்கூடும் என்று கருதிக் கேரள அரசே தன் நிவாரண நிதியின் க்யூஆர் கோடைத் திரும்பப் பெற்றது. மாநில அரசுக்கே இந்த நிலை என்றால், ஒரு கோயில் கமிட்டி வாட்ஸ்அப்பில் போடும் க்யூஆர் கோடுக்கு என்ன பாதுகாப்பு?

மதச் சமூகங்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் யாரும் ஒரு நொடி யோசிப்பார்கள். அதே செய்தியைப் பூசாரியோ பாதிரியாரோ ஜமாத் செயலாளரோ குரூப்பில் ஃபார்வர்டு செய்தால் அந்த யோசனை நின்றுபோகிறது. அவரும் தனக்கு வந்ததை நல்லெண்ணத்தில் தள்ளிவிட்டிருப்பார், அவ்வளவுதான். ஏமாற்றுகிறவன் நூறு பேரை நம்பவைக்க வேண்டியதில்லை. ஒருவரை நம்பவைத்தால் போதும், மீதியை அவர்மீது ஊருக்குள்ள மரியாதை பார்த்துக்கொள்ளும். ரசீது இருக்கிறதே என்று சொல்லலாம். நோட்டும் காலண்டரும் ரசீதுப் புத்தகமும் அச்சடித்து நாடெங்கும் அனுப்புகிற வட்டாரம் இது. எந்த அறக்கட்டளையின் பெயரைக் கொடுத்தாலும், வரிசை எண் போட்டு, அடிக்கட்டையோடு, துளைக்கோடு இட்டுக் கட்டுக் கட்டாக வாங்கிவிடலாம். அச்சில் வந்ததெல்லாம் உண்மையல்ல என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆகவே, ஆளுக்கு ஆள் எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவதில் பயன் குறைவு. கூட்டாக நம்புகிற இடத்தில் காவலும் கூட்டாகத்தான் இருக்க வேண்டும். அதற்கான முறையை வெளியே தேட வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் நாடார் உறவின்முறைகள், வியாபாரச் சரக்கின்மீது தங்களுக்குத் தாங்களே மகமை என்ற பொது வரியை விதித்துப் பொதுக்காரியங்களை நடத்தியவை. 1889இல் தொடங்கிய விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா, வீடுகளில் எடுத்துவைத்த பிடி அரிசியில் நடந்த பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான். கொடுத்தவர்கள் பெரிய பணக்காரர்கள் அல்ல. ஆனால் கொடுத்த அரிசி எங்கே போனது என்பது அவர்கள் கண்முன் நின்றது. மகமை தலைமுறைகள் தாண்டி நிலைத்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், கணக்கு இன்னொரு காரணம். கோயில் கொடை விழா முடிந்ததும் வரவு செலவைச் சபையில் படிக்கிற ஊர்கள், புயல் நிவாரணத்துக்கு மட்டும் அதைக் கைவிடுவது ஏன்? பணம் தனிநபரின் ஜிபேக்கு வராமல் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு வரட்டும். இருவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போக வேண்டாம். க்யூஆர் கோடு குரூப்பில் சுற்ற வேண்டாம், கோயில் வாசலில் ஒட்டியிருக்கட்டும். அனுப்பும் முன் பாதிக்கப்பட்ட ஊரில் ஏற்கெனவே தெரிந்த ஒருவரிடம், பழைய எண்ணில், பேசிவிட வேண்டும். எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று ஒரு வாரத்தில் பலகையில் எழுத வேண்டும்.

தர்மத்துக்குக் கணக்குக் கேட்பது தர்மத்தையே கொச்சைப்படுத்துவது என்பார்கள். வெளியே தெரியாமல் கொடுப்பதே உயர்ந்தது என்று பல மதங்களும் போதிக்கின்றன, உண்மை. ஆனால் அந்த ரகசியம் கொடுக்கிறவருக்குரிய பண்பு. வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. கொடுத்தவர் பெயரை மறைக்கலாம். மொத்தத் தொகையை மறைக்க எந்த மதமும் சொல்லவில்லை. அவசரத்தில் விதி பார்த்தால் பசித்தவன் கதி என்ன என்ற கேள்விக்கு வலு அதிகம். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டபோது பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். அவர்கள் யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. ஆனால் அது கண்ணெதிரே இருந்தவர்களுக்குப் போட்ட சோறு. நூறு மைல் தாண்டி அனுப்பும் பணம் வேறு. அதற்கு ஒரு மணி நேரம் செலவழித்து விசாரித்தால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அந்த விசாரணைக்கும் ஆள் இல்லை என்றால் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கே அனுப்பிவிடலாம், வரிவிலக்கும் உண்டு.

வாங்குகிற பக்கத்திலும் வலை விரிக்கப்படுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அரசு அறிவித்த 6,000 ரூபாய் டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ரொக்கமாகத்தான் தரப்பட்டது. அதற்கு ஓடிபி தேவைப்படவில்லை, விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். முகாமாகத் திறந்துவிட்ட கல்யாண மண்டபத்தில் ஆதார் நகல் சேகரிக்க வருகிறவர் யார் என்று மண்டப நிர்வாகி கேட்டே ஆக வேண்டும். நிவாரண வேலைக்குக் குட்டியானை வண்டியில் இளைஞர்களை ஏற்றி அனுப்பும் கமிட்டிக்கும் ஒரு வார்த்தை. பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறைக்குள் யார், எத்தனை பேர் நுழையலாம் என்று அறிந்த வட்டாரம் இது. அறுந்த மின்கம்பி கிடக்கும் தண்ணீரில் பழக்கமில்லாத பையன்களை இறக்கலாமா? இறங்கும் முன் மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையத்தை 94987 94987 எண்ணில் அழைத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டார்களா என்று கேட்க வேண்டும். வெள்ளநீரில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். 2018இல் கேரளம் அதைப் பார்த்தது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. மழைக்காலம் தொடங்கும் முன்பே உங்கள் கோயில், சர்ச், பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் கணக்கு எண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். போன புயலுக்கு வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்டாத கமிட்டிக்கு, யாருடைய பெயரைச் சொல்லி வந்தாலும், இந்த முறை பணம் கொடுக்காதீர்கள்.